குன்னூரின் பழைய பங்களாவோடு மரச்சட்ட அறை சேர்ப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. குன்னூரில் 1930-களில் கட்டிய குடும்ப பங்களா. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 18 அங்குலக் கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, பலகைத் தரை. பின்பக்கம் ஒழுகுகிறது, ஓர் அறையில் தரை அமுங்குகிறது. பின்பாதியை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக, மரக்கட்டைகளை நிறுத்தி அவற்றின் மேல் பலகை அடிக்கும் இன்றைய மரச்சட்ட முறையில் ஓர் அறை சேர்க்கலாமா? நாளை தேவை மாறினால் அதை மாற்றிக்கொள்ள முடியுமா?

சேர்க்கலாம். உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்றும் சொல்வேன். இரண்டு நிபந்தனைகள் உண்டு. பழைய வீட்டின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த பிறகே புதிய மரம் மலையேற வேண்டும். புதிய அறை பழைய சுவரில் சாயாமல் தன் காலில் நிற்க வேண்டும்.

முதலில் எடை. 125 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்கு மேல் வரும், மேல் பூச்சும் தரை ஓடும் தனி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 440 கிலோவைத் தாண்டும். மரச்சட்டச் சுவர், வெளிப்பலகையும் உள்ளே ஜிப்சம் போர்டும் சேர்த்தே 45 கிலோ அளவில் நிற்கும். மரத் தரை 50 கிலோ. மலைச்சரிவில் ஆழம் குறைந்த கல் அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டின் அருகே மண்ணை ஆழமாகத் தோண்டுவதும் பெரும் எடையை ஏற்றுவதும்தான் விரிசலுக்கு வழி. 2009 நவம்பர் மழையில் நீலகிரி மண் எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய வீட்டில் தொடங்குங்கள். மழை பெய்யும்போதே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் தகரக்கால் எங்கே வழிகிறது, இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் கூடல்வாயில் எங்கே இலை அடைத்திருக்கிறது, தரைமட்டம் எங்கே உயர்ந்து பீடத்தை, அதாவது சுவரின் அடிப்பகுதியை, மூடியிருக்கிறது என்பது வெயிலில் தெரியாது. எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகப் பூந்தோட்டத்துக்கு மண் கொட்டிக் கொட்டி, வெளித்தரை உள்தரை மட்டத்துக்கே வந்துவிட்ட பங்களாக்கள் ஏராளம். அந்த மண்ணை வெட்டி எடுத்து, வெளித்தரை உள்தரையைவிட ஓர் அடியாவது கீழே இருக்கும்படி செய்து, சுவரிலிருந்து விலகிச் சரியும்படி விடுங்கள். ஆனால் அஸ்திவாரத்தின் அடிக்கல் வெளியே தெரியும் அளவுக்குத் தோண்டக் கூடாது.

அடுத்தது சிமென்ட் பூச்சு. கல்லையும் சுண்ணாம்பையும் கொண்ட சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் விடும். அதன் மேல் யாரோ ஒரு காலத்தில் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளே போகும் வழி இருக்கும், வெளியேறும் வழி இருக்காது. ஓதம் மேலேறி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைகளைத்தான் முதலில் தின்னும். சிமென்ட்டைக் கவனமாகக் கொத்தி எடுத்து, மூட்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையில் பூசுங்கள். ஒரு பூச்சு 10 முதல் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடுத்த பூச்சுக்குப் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். நனைந்த சுவர் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் உலரும். 18 அங்குலச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தாலும் ஒன்பது மாதம் ஆகும். அதனால்தான் இந்த வேலையை முதலில் வைக்கச் சொல்கிறேன். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள், சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

அமுங்கும் தரைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பலகைத் தரைக்கடியில் காற்றோட்டம் நின்றுபோயிருக்கும். பீடத்தில் இருந்த காற்றுத் துளைகளை எலி வருகிறது, குளிர் வருகிறது என்று அடைத்திருப்பார்கள். அவற்றைத் திறந்து துருப்பிடிக்காத கம்பிவலை வையுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில், இரண்டு மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். இரண்டு பலகையைக் கழற்றி உள்ளே இறங்கி, தாங்குகட்டை ஒவ்வொன்றின் முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஓரிரு மி.மீ. இறங்கும். ஒரு செ.மீ. இறங்கினால் அந்த முனை போய்விட்டது. ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடத்தில் பூஞ்சை வேலை செய்துகொண்டிருக்கிறது, அல்லது செய்யப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முனை மட்டும் உளுத்திருந்தால் முழுக் கட்டையை மாற்ற வேண்டாம். பழைய தேக்கின் நடுப்பகுதி இன்னும் நூறு ஆண்டு வரும். உளுத்த பகுதிக்கு அப்பால் ஓர் அடி நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டி, பக்கத்தில் அதே ஆழமுள்ள புதிய கட்டையை ஒரு மீட்டருக்குக் குறையாமல் இணைத்து, 12 மி.மீ. போல்ட் நான்கு, பெரிய வாஷருடன் முறுக்குங்கள். சுவரில் உட்காரும் முனைக்குக் கீழே தார்ப்பட்டைத் துண்டு வையுங்கள். பக்கங்களிலும் முனையிலும் 20 மி.மீ. காற்று இடைவெளி விடுங்கள். கொத்தனார் அந்த இடைவெளியைச் சாந்தால் நிரப்ப ஆசைப்படுவார், அருகில் நின்று தடுங்கள்.

கூரையில் கைமரங்களின் நுனிகளையும், சுவர் மேல் படுத்திருக்கும் கட்டையையும் இதே முறையில் சோதியுங்கள். ஓடுகளை இறக்கிய பின், தண்ணீரைத் தடுத்து நீராவியை மட்டும் விடும் மெம்பிரேன் என்ற விரிப்பைக் கைமரத்தின் குறுக்கே, கீழிருந்து மேலாக, 150 மி.மீ. மேற்படிவுடன் விரியுங்கள். அதன் மேல் கைமரத்தின் நீளவாட்டில் 25 மி.மீ. பட்டி, அதற்கு மேல்தான் ஓடுகளைத் தாங்கும் குறுக்கு ரீப்பர். இந்தப் பட்டியை விட்டுவிட்டு ரீப்பரை நேராக மெம்பிரேன் மேல் அடித்தால், ஓட்டுக்கடியில் வந்த சாரல் ஒவ்வொரு ரீப்பரிலும் தேங்கும், ஐந்தாறு மழைக்காலத்தில் ரீப்பர் போய்விடும். ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மங்களூர் ஓட்டில் 320 மி.மீ. சுற்றி வரும், ஆனால் பழைய தொழிற்சாலை ஓடும் புதிய ஓடும் ஒரே அளவில் இருப்பதில்லை. உங்கள் ஓட்டில் பத்தை அடுக்கி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பழைய ஓடுகளை எல்லாம் முன்பக்கத்துக்கும், வாங்கியவற்றைப் பின்பக்கத்துக்கும் வைத்தால் கலப்புப் பிரச்சினை வராது.

இனி புதிய அறை. பழைய பின்சுவரை ஒட்டியே கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1.2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இடையே ஒரு சிறு நடை இணைப்பு போதும். அந்த நடை, ஏற்கெனவே இருக்கும் பின்கதவில் வந்து சேரட்டும். காரணங்கள் மூன்று. கருங்கல் சுவரில் புதிய வழி வெட்ட வேண்டியதில்லை. இந்தச் சுவர்கள் இரண்டு முகமும் நடுவே தளர்வான நிரப்பும் கொண்டவை, வெட்டினால் நடுப்பகுதி கொட்டும். புதிய அஸ்திவாரக் குழி பழைய அஸ்திவாரத்தின் கீழே போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கூரைகள் சந்தித்து ஒரு கூடல்வாய் உருவாகாது. மலையில் ஒழுகும் இடங்களில் கூடல்வாய்தான் எப்போதும் முதலிடம்.

அறையின் அளவை 12 அடிக்கு 16 அடி என்று வையுங்கள். இந்த அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே பிளைவுட் 8 அடிக்கு 4 அடியில், அதாவது 2440க்கு 1220 மி.மீ. வருகிறது. செங்குத்துக் கட்டைகளை 610 மி.மீ. இடைவெளியில் வைத்தால் ஒவ்வொரு பலகையின் ஓரமும் ஒரு கட்டையின் நடுவில் விழும். 16 அடிச் சுவருக்கு நான்கு பலகை, 12 அடிச் சுவருக்கு மூன்று, ஆக நான்கு சுவருக்கும் 14. தரைக்கு 18 மி.மீ. பலகை ஆறு. வீணே இல்லை.

கட்டை 38க்கு 140 மி.மீ. சுவரின் கீழே ஒரு படுகட்டை, மேலே இரண்டு. மூன்றும் சேர்ந்து 114 மி.மீ. ஆகவே நிற்கும் கட்டையை 2440க்கு வெட்டாதீர்கள், 2326க்கு வெட்டுங்கள். அப்போதுதான் பலகை ஒன்று மேலிருந்து கீழ்வரை முழுச் சுவரையும் மூடும். ஆசாரி 8 அடிக் கட்டையை அப்படியே நிறுத்திவிட்டால், மேலே நாலரை அங்குலப் பட்டை ஒட்டுப்போட வேண்டிவரும். அந்த ஒட்டு வழியாகத்தான் சுவரின் பக்கவாட்டு உறுதி குறையும்.

நான்கு சுவருக்கும் 32 கட்டை, மூலைகளுக்கும் நான்கு திறப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 52. படுகட்டை கழிவோடு 56 மீட்டர். மொத்தம் ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் கீழே, அதாவது சுமார் 35 கன அடி. தரைக்கு 38க்கு 235 கட்டை, 407 மி.மீ. இடைவெளியில் 13, ஒவ்வொன்றும் 3.66 மீட்டர். 38க்கு 184 போட்டாலும் தாங்கலாம், ஆனால் நடக்கும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும். வீட்டுத் தரைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற சுமையை வைத்து, மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 883-இன்படி பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான் தரும் அளவுகள் அந்தப் பேச்சைத் தொடங்குவதற்குத்தான்.

அறையைத் தாங்கக் கான்கிரீட் குத்துக்கால்கள், 16 அடி நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 1.22 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து, ஆக பத்து. சரிவில் ஒவ்வொன்றின் உயரமும் வேறாக வரும், அது நல்லதே. மண்ணை வெட்டிச் சமப்படுத்தாமல் மட்டம் பிடிக்கலாம். மிகத் தாழ்ந்த மரமும் மண்ணிலிருந்து 300 மி.மீ. மேலே இருக்கட்டும். குன்னூர் மழையில் தெறிக்கும் தண்ணீர் அவ்வளவு உயரம் வரும். குத்துக்கால் தலையில் துத்தநாகம் முக்கிய இரும்புப் பாதம் வைத்து, கட்டை கான்கிரீட்டைத் தொடாமல் உட்கார வையுங்கள். மேட்டு முகட்டில் உள்ள வீடென்றால் கூரையிலிருந்து குத்துக்கால்வரை இரும்புப் பட்டை தொடர்ச்சியாக ஓட வேண்டும். எடை குறைந்த அறையைக் காற்று தூக்கப் பார்க்கும். எடைக் குறைவு தரும் நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை இது.

சுவரின் அடுக்குகள் வெளியிலிருந்து உள்ளே இப்படி வரும்: வெளிப்பலகை, 25 மி.மீ. காற்று இடைவெளி தரும் பட்டி, மெம்பிரேன், 12 மி.மீ. பிளைவுட், வெப்பக் காப்புக்குப் பாறைப்பஞ்சு நிரப்பிய கட்டைச் சட்டம், 38 மி.மீ. குறுக்குப் பட்டி, ஜிப்சம் போர்டு. பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் தரமாக இருக்கட்டும். ஓரளவே ஈரம் தாங்கும் சாதாரண எம்.ஆர். தரம் இரண்டு மழைக்காலத்தில் அடுக்கு விட்டுப் பிரியும். ஆணி ஓரங்களில் 150 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று. பலகைகளுக்கு இடையே 3 மி.மீ. விடுங்கள், ஈரத்தில் விரியும். ஜன்னல் இடத்தையும் மூடி முழுப் பலகையாக அடித்துவிட்டு, பிறகு வெட்டித் திறங்கள். ஜன்னலைச் சுற்றி ஒட்டுத் துண்டுகள் அடித்த சுவரைவிட அது பலமானது. காற்று இடைவெளியின் கீழும் மேலும் திறந்திருக்க வேண்டும், வலை மட்டும் போடுங்கள்.

சிலர் உள்பக்கம் பாலித்தீன் தாள் போடச் சொல்வார்கள். அது கடுங்குளிர் நாடுகளின் பழக்கம். நம் மலையில் ஈரம் பல மாதங்கள் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பாலித்தீன் அதைச் சுவருக்குள்ளேயே நிறுத்திவிடும். போடாதீர்கள்.

எந்த மரம்? சட்டத்துக்கு இறக்குமதி பைன் போதும், தூத்துக்குடி, செங்கோட்டை மரவாடிகளில் அளவு சொல்லி அறுத்து வாங்கலாம். சூளையில் உலர்த்தியது என்ற சொல்லை நம்பாமல் ஈரமானியோடு போங்கள். கட்டையின் மேற்பரப்பை மட்டுமன்றி, ஒரு துண்டை வெட்டி நடுவிலும் அளக்க வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்ற விடாதீர்கள். 235 மி.மீ. கட்டை 20 சதவீதத்திலிருந்து 12க்கு இறங்கினால் நாலைந்து மி.மீ. சுருங்கும். நெடுக்குவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு, குறுக்குவாட்டில்தான் எல்லாம். வந்த மரத்தை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு ரீப்பர் துண்டு வைத்து மூன்று வாரம் காற்றாட விடுங்கள்.

பைனில் பட்டையை ஒட்டிய வெளிமரம் தானாக நிலைக்காது, அழுத்தத்தில் மருந்தேற்றியது வேண்டும். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த சி.சி.ஏ. மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசம். இன்றும் மண்ணருகே இருக்கும் கட்டைக்கு அது வலுவான பாதுகாப்பு. மூன்றை மறக்கக் கூடாது. மருந்து கட்டையின் மையம்வரை போவதில்லை, ஆகவே வெட்டிய ஒவ்வொரு முனையிலும் மீண்டும் மருந்து பூச வேண்டும். தாமிரம் சாதாரண ஆணியை அரிக்கும், எனவே சூடாகத் துத்தநாகம் முக்கியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் பயன்படுத்த வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கணப்படுப்பில் போட்டு எரிக்கவே கூடாது, புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். குளிர்கால மாலையில் மரத்துண்டு கிடந்தால் யாரும் அடுப்பில் போடுவார்கள். வேலை நடக்கும்போதே தனிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அறைக்குள் கை படும் மரத்துக்கு போரான் மருந்து போதும், அது மழையில் கரையும் என்பதால் வெளியே உதவாது.

நடை இணைப்பு பழைய சுவரைத் தொடும் இடத்தை நேரில் நின்று செய்து வாங்குங்கள். மரத்துக்கும் கல்லுக்கும் 20 மி.மீ. இடைவெளி. பழைய சுவரில் ஓர் ஆணிகூட வேண்டாம். கல் மூட்டுச் சாந்தில் 25 மி.மீ. ஆழம் கீறி, ஈயம் அல்லது அலுமினியத் தகட்டின் ஒரு ஓரத்தைச் செருகிச் சுண்ணாம்பால் அடையுங்கள். மறு ஓரம் நடையின் கூரைத் தகட்டின் மேல் 150 மி.மீ. தளர்வாகப் படியட்டும், அதை ஆணியடித்துப் பிணைக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டில் மரம் சில மி.மீ. இறங்கும், பழைய சுவர் அசையாது. இரண்டையும் சிலிக்கோனால் ஒட்டி மூடியவர்கள் வீட்டில் எல்லாம் அந்தக் கோடு கிழிந்து, தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் கட்டையை அழித்திருக்கும்.

மாற்றிக்கொள்ளும் வசதியைப் பற்றிக் கேட்டீர்கள். அதை இப்போதே கட்டி வைக்க வேண்டும், பிறகு வராது. கூரைச் சுமை முழுவதும் வெளிச்சுவர்களில் இறங்கட்டும், உள்ளே தடுப்புச் சுவர் எதுவும் தாங்கும் சுவராக வேண்டாம். நாளை கதவோ இன்னோர் அறையோ வரக்கூடிய இடத்தில், இன்று மூடிய சுவருக்குள்ளேயே திறப்புக்கான லிண்டல் கட்டையையும் இரு பக்கத் தாங்குகளையும் வைத்துவிடுங்கள். இரண்டு கட்டைச் செலவுதான். அந்த இடத்துப் பிளைவுட்டை வெட்டினாலும் சுவர் உறுதி குறையாதபடி பொறியாளர் கணக்கில் சேர்க்கட்டும். ஜிப்சம் போர்டுக்குப் பின்னே விட்ட 38 மி.மீ. இடைவெளியில்தான் எல்லா ஒயரும் ஓட வேண்டும், காப்புப் பஞ்சுக்குள்ளோ கட்டையைத் துளைத்தோ போகக் கூடாது. உள் தடுப்புகளை ஸ்க்ரூவில் மட்டும் பொருத்துங்கள், பசை வேண்டாம். சுவரை மூடுவதற்கு முன் அளவுநாடாவைப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து அச்சிட்டு வையுங்கள்.

குளியலறையை மரத் தரையில் வைக்காதீர்கள், பழைய கல் பகுதியிலேயே இருக்கட்டும். பழைய புகைபோக்கியைச் சுற்றி 50 மி.மீ.க்குள் எந்த மரமும் வரக் கூடாது. பழைய ஒயரிங்கை முழுதாக எடுத்துவிட்டு, மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். வெளிப்பலகைக்குப் படலமாக நிற்கும் வார்னிஷ் வேண்டாம், மலை வெயிலில் உரிந்து அடியில் ஈரம் தேங்கும். ஊடுருவும் எண்ணெய்ப் பூச்சை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அடிப்பது எளிது.

நீலகிரியில் கட்டுமானத்துக்கு உள்ளாட்சி அனுமதியோடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் பொருந்தும். தற்காலிகம், மரம்தானே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நிலையாக நிற்கும் அறைக்கு அனுமதி வேண்டும். தோட்டத்தில் நிற்கும் மரத்தையே வெட்டிப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி அனுமதி. ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

காலக் கணக்கை இப்படி வையுங்கள். இந்தப் பருவமழையில் கவனிப்பும் வரைபடமும். மழை விட்டதும் ஜனவரியில் வெளித்தரை, காற்றுத் துளை, சிமென்ட் நீக்கம், பழைய கூரை. கூரை மே மாத இறுதிக்குள் மூடியிருக்க வேண்டும். அடுத்த மழைக்காலம் முழுவதும் பழைய சுவர் உலரட்டும், ஒழுகல் நின்றதா என்று அப்போது தெரிந்துவிடும். அதற்கடுத்த ஜனவரியில் குத்துக்கால், பிப்ரவரியில் மரம் வந்து சேர்தல், மார்ச்சில் சட்டம் நிறுத்தல். நான்கு பேர் கொண்ட குழு சுவர்களைத் தரையில் படுக்கவைத்து அடித்து நிமிர்த்தினால் சட்டம் ஒரு வாரத்துக்குள் நின்றுவிடும். மெம்பிரேன் போர்த்திக் கூரை மூடும்வரை குழுவை வேறு வேலைக்கு விடாதீர்கள். ஏப்ரல் மாதக் கோடை மழை ஒரே மாலையில் தரைப் பலகை ஆறையும் நனைத்துவிடும். அப்படி நனைந்தால் ஈரமானி 15க்குக் கீழே வரும்வரை பஞ்சு அடைத்து ஜிப்சம் போர்டு போடக் கூடாது.